நிரந்தரமா, நான்காண்டா, கடனா, மறுப்பா: விஸ்கான்சின் பள்ளி வாக்கெடுப்பில் எதைத் தேர்வது?

விஸ்கான்சின் மாநிலத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் மாதம் தபாலில் வரும் சொத்து வரிச் சீட்டில் ஒரு சிறு கட்டம் இருக்கும். கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம், தொழில்நுட்பக் கல்லூரி என்று வரியைப் பிரித்துக் காட்டும் வரிசைகளுக்கு வெளியே, வாக்காளர்கள் ஒப்புதல் தந்த தற்காலிக வரி உயர்வுகள் மட்டும் அந்தக் கட்டத்தில் தனியாக அச்சாகியிருக்கும். மொத்தத் தொகை எவ்வளவு, அதில் இந்த வீட்டின் பங்கு எவ்வளவு, அந்த உயர்வு எந்த ஆண்டோடு முடிகிறது என்பவை அதில் உள்ள விவரங்கள். நிரந்தர உயர்வுக்கு முடியும் ஆண்டு இல்லாததால் அது அந்தக் கட்டத்திற்குள் வருவதில்லை. பள்ளி வரி என்ற வரிசையில் கலந்துவிடுகிறது. பள்ளிக்காகப் பணம் கேட்டு வாக்கெடுப்பு வரும்போது நண்பர்கள் என்னிடம் "ஆம் போடலாமா, இல்லை போடலாமா" என்று கேட்பதுண்டு. முதலில் அந்தக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள் என்பதே என் பதில். எவ்வளவு பணம் என்பதைக் காட்டிலும் எத்தனை காலத்திற்கு என்பதே இந்த முடிவில் பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு முதலில் விளங்குவதில்லை. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. ஊர் மக்களிடம் வாக்குக் கேட்டு யாரும் அதைத் தீர்மானிப்பதில்லை. விஸ்கான்சினில் உள்ள 421 பள்ளி மாவட்டங்களில் ஒவ்வொன்றும் தனி நிர்வாகம். அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், தனக்கென்று வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. ஆனால் அந்த அதிகாரத்திற்கு 1993 முதல் மாநில அரசு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. மாநிலத்தின் பொது மானியமும் உள்ளூர்ச் சொத்து வரியும் சேர்ந்து ஒரு மாணவருக்கு இவ்வளவுதான் என்ற அந்த உச்சவரம்பை 'வருவாய் வரம்பு' என்கிறார்கள். மானியம் கூடினால் சொத்து வரி குறைய வேண்டும், மானியம் குறைந்தால் சொத்து வரி கூடலாம். இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் வாக்காளர்களிடம் வர வேண்டும்.

தொடக்கத்தில் இந்த வரம்பு ஆண்டுதோறும் பணவீக்கத்தை ஒட்டி உயர்ந்து வந்தது. 2009இல் அந்த இணைப்பு நீக்கப்பட்டது. 2011இல் வரம்பே 5.5 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2015 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு டாலர்கூட உயரவில்லை. 2021இல் தொடங்கிய இரண்டு ஆண்டுகளுக்கும் அதே நிலைதான். 2023 ஜூலையில் ஆளுநர் டோனி எவர்ஸ், நிதிநிலை மசோதாவில் "2024-25" என்று இருந்த இடத்தில் "20" என்ற எண்ணையும் நடுக்கோட்டையும் தம் பகுதி மறுப்பு அதிகாரத்தால் அடித்து, அதை "2425" ஆக்கினார். அதனால் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் என்ற உயர்வு இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாக நானூறு ஆண்டுகளுக்கு நீண்டது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்றது. 325 டாலர் உயர்வு உறுதியாயிற்று. ஆனால் அதை மாநிலம் தருமா, வீட்டுக்காரர் தருவாரா என்பது உறுதியாகவில்லை. 2025-27 நிதிநிலைத் திட்டத்தில் பொது மானியம் உயர்த்தப்படாததால் அந்த உயர்வின் சுமை பெரும்பாலும் சொத்து வரியின் மேல் விழுகிறது.

இந்த எண்கள் ஒரு பள்ளி மாவட்டத்தில் எப்படி இறங்குகின்றன என்பதை ஒரு கணக்காக வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, 2,000 மாணவர்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 12,000 டாலர் வரம்பு என்று கொள்வோம். மொத்த வருவாய் 2.4 கோடி டாலர். ஆண்டுக்கு 325 டாலர் வீதம் 6.5 லட்சம் டாலர் கூடுகிறது, இது 2.7 விழுக்காடு. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் பேருந்து ஒப்பந்தமும் சேர்ந்து 4 விழுக்காடு ஏறினால் செலவு 9.6 லட்சம் கூடும். இத்தோடு முடிவதில்லை. வரம்பைக் கணக்கிட, செப்டம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை எடுக்கப்படும் மாணவர் எண்ணிக்கையின் மூன்றாண்டுச் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள். பிறப்பு விகிதம் குறைந்துவரும் ஊர்களில் 40 மாணவர்கள் குறைந்தாலே, சராசரி முழுவதும் இறங்கிய பிறகு, 4.8 லட்சம் டாலர் போய்விடும். நாற்பது பேர் குறைவதால் ஒரு வகுப்பறையையோ ஓர் ஆசிரியரையோ குறைத்துவிட முடிவதில்லை. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொன்றிலும் மூன்று பேராகக் குறைந்திருப்பார்கள். பேருந்து அதே தெருக்களில்தான் ஓட வேண்டும், கொதிகலன் அதே கட்டடத்தைத்தான் சூடாக்க வேண்டும்.

இந்தப் பற்றாக்குறையை வீண் செலவின் விளைவு என்று சொல்பவர்களின் ஐயம் எனக்குப் புரிகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டில் மட்டும் மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளி வாக்கெடுப்புக் கேள்விகள் வந்தன. இத்தனை மாவட்டங்கள் ஒரே காலத்தில் ஊதாரிகளாகிவிட்டன என்று நம்புவதைவிட, வரம்பின் கணக்கே பொருந்தவில்லை என்று நம்புவது எனக்கு எளிது.

வாக்குச்சீட்டில் வரும் மூன்று வடிவங்கள்

சட்டம் மூன்று விதமாகக் கேட்க அனுமதிக்கிறது. முதல் இரண்டும் அன்றாடச் செலவுக்கானவை. "விஸ்கான்சின் சட்டத் தொகுப்பின் 121.91ஆம் பிரிவில் குறிப்பிட்ட வருவாய் வரம்பை, ஆண்டுக்கு இத்தனை டாலர் மீற இந்தப் பள்ளி மாவட்டத்திற்கு அதிகாரம் அளிக்கலாமா" என்ற பொருளில்தான் இரண்டு கேள்விகளும் அமையும். வேறுபாடு பின்னால் வரும் ஒரு சொல்லில் இருக்கிறது: 'தொடர் நோக்கங்களுக்காக' என்றால் அந்தத் தொகை மாவட்டத்தின் அடிப்படை வரம்போடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும், 'தொடரா நோக்கங்களுக்காக' என்றால் குறித்த ஆண்டுகள், எடுத்துக்காட்டாக நான்காண்டு, முடிந்ததும் நின்றுவிடும். வாக்குச்சாவடியில் நின்று படிக்கும்போது இந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடுவது மிக எளிது. மூன்றாவது, கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் கேட்பது.

முந்தைய எடுத்துக்காட்டு மாவட்டமே ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எல்லைக்குள் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 150 கோடி டாலர் என்றால், ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் வரி கூடும். மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 300 டாலர், மாதத்திற்கு 25 டாலர். நிரந்தரமாகக் கேட்டாலும் நான்காண்டுக்குக் கேட்டாலும் முதலாண்டு வரி இதேதான். ஆகவே "என் வரி எவ்வளவு கூடும்" என்று மட்டும் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நான்காண்டு ஏற்பாட்டின் பலம் அதன் முடிவுத் தேதியில் இருக்கிறது. வாரியம் மறுபடியும் மக்களிடம் வந்து, வாங்கிய பணத்தை என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்திருந்தால் குறைவாகக் கேட்கலாம், மாநிலத்தின் உதவி கூடியிருந்தால் கேட்காமலே விடலாம். வாக்காளர்கள் இதை அதிகம் விரும்புவதும், பல வாரியங்கள் இதையே தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். முடிவுத் தேதி இல்லாத வரி என்றால் எவருக்கும் தயக்கம் வருவது இயல்பு.

அதன் பலவீனமும் அதே தேதியில்தான் இருக்கிறது. சம்பளமும் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் சேர்த்து ஓர் ஆசிரியருக்கு ஒரு லட்சம் டாலர் என்று வைத்தால், 15 லட்சம் டாலர் என்பது பதினைந்து ஆசிரியர்கள். நான்காம் ஆண்டின் முடிவில் அந்தப் பதினைந்து பேருக்கான பணம் ஒரே நாளில் நின்றுபோகும். விஸ்கான்சின் சட்டப்படி, அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா இல்லையா என்பதை ஆசிரியருக்கு மே 15ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வசந்தகாலத் தேர்தல் ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. அந்தத் தேர்தலில் கேள்வி தோற்றால், வாரியத்தின் கையில் ஆறு வாரமே இருக்கும். அந்த ஆறு வாரத்திற்குக் காத்திராமல், ஜனவரியிலேயே பக்கத்து மாவட்டத்திற்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்தான் பெரும்பாலும் மாவட்டம் இழக்க விரும்பாத ஆசிரியர். இது ஆசிரியரின் குற்றமல்ல. வீட்டுக்கடன் கட்டும் எவரும் அதைத்தான் செய்வார்கள். 2017இல் வந்த சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, வாக்கெடுப்பைப் பொதுத் தேர்தல் நாட்களில் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் போகாமல் நடத்த வேண்டும் என்பதால், தோற்றால் உடனே திரும்பக் கேட்கவும் வழி குறைவு.

நிரந்தர உயர்வில் இந்தத் தவிப்பு இல்லை. சம்பளம் என்பது முடிவில்லாமல் தொடரும் செலவு. அதற்கு முடிவில்லாத வருவாய் வேண்டும் என்பது குடும்பம் நடத்தும் எவருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் வாக்காளர் தம் கையில் இருந்த பிடியை ஒரே நாளில் விட்டுக்கொடுக்கிறார். அதற்குப் பிறகு வாரியத்தைக் கேட்பதற்கு வாரியத் தேர்தல் ஒன்றுதான் வழி.

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு மில்வாக்கியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான மில்வாக்கி பொதுப் பள்ளிகள், 2024 ஏப்ரலில் நிரந்தர உயர்வு ஒன்றைக் கேட்டது. நான்கு ஆண்டுகளில் படிப்படியாக ஏறி ஆண்டுக்கு 25.2 கோடி டாலரில் நிற்கும் கேள்வி அது. ஏறத்தாழ 1,700 வாக்குகள் வித்தியாசத்தில் மட்டுமே அது நிறைவேறியது. சில வாரங்களுக்குள், மாவட்டம் மாநிலக் கல்வித் துறைக்குத் தர வேண்டிய நிதி அறிக்கைகள் பல மாதங்களாகத் தாமதமாகியிருப்பது வெளியே வந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் பதவி விலகினார். ஆளுநர் தணிக்கைகளுக்கு உத்தரவிட்டார். ஏப்ரலில் 'ஆம்' போட்டவர்களுக்கு, இந்தச் செய்தி இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எழுந்திருக்கும். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் போயிருந்தால் கணக்கு எழுதும் அலுவலகம் சீராகியிருக்காது. கலை ஆசிரியரும் நூலகரும்தான் போயிருப்பார்கள். நிர்வாகத்தின் தவறுக்கு வகுப்பறையில் தண்டனை விழுவது இந்த வாக்கெடுப்பு முறையில் உள்ள மிகப் பெரிய கொடுமை.

ஆகவே நிரந்தர உயர்வுக்கு ஒப்புதல் தருமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் நிலை. கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை உரிய காலத்தில் மாநிலத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்பது ஒன்று. கேட்கும் தொகை இன்றைய பற்றாக்குறையை மட்டும் அடைக்கிறதா, அல்லது இன்னும் பிறக்காத செலவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறதா என்பது இரண்டாவது. சிறிய நிரந்தர உயர்வு, பெரிய நிரந்தர உயர்வைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. குறைந்தால் திரும்பக் கேட்கலாம், கூடினால் திரும்ப எடுக்க முடியாது.

கட்டடக் கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாநில அரசியலமைப்புப்படி உள்ளாட்சிக் கடன் இருபது ஆண்டுகளுக்குள் அடைய வேண்டும். கூரையும் கொதிகலனும் அவ்வளவு காலமாவது உழைக்கும் என்பதால், அவற்றுக்குக் கடன் வாங்கி, அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தும் தலைமுறையே அதைக் கட்டுவது நேர்மையான ஏற்பாடு. மாநிலத் தலைநகரான மாடிசனின் பள்ளி மாவட்டம் 2024 நவம்பரில் கட்டடங்களுக்காக 50.7 கோடி டாலரையும், அன்றாடச் செலவுக்காக 10 கோடி டாலரையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்தது, இரண்டும் நிறைவேறின. தனித்தனியாக வைப்பது முக்கியம். கடன் பத்திரப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. "இவ்வளவு பெரிய புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், ஆசிரியரை ஏன் நிறுத்துகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி விளக்கத்தை வாரியங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

'இல்லை' என்பதன் விலை

வாக்கெடுப்பை நிராகரித்துவிட்டால் வரி கூடாது என்பது உண்மை. என்ன குறையும் என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருபத்தெட்டாவது, இரண்டு பள்ளிகளுக்கு ஒரு நூலகர், நான்காம் வகுப்பில் தொடங்கிய இசைக்கருவிப் பயிற்சி ஆறாம் வகுப்புக்குத் தள்ளிப்போவது என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடியதாகவே இருக்கும்.

ஆனால் விஸ்கான்சினில் 1998 முதல் ஒரு குழந்தை தன் மாவட்டத்தை விட்டுப் பக்கத்து மாவட்டத்தின் பொதுப் பள்ளியில் சேரலாம். அப்படிப் போகும் ஒவ்வொரு குழந்தையோடும் ஆண்டுக்கு 8,000 டாலருக்கு மேல் அந்த மாவட்டத்திற்குப் போகிறது. பாடப்பிரிவுகள் குறைந்தால் காரில் கொண்டுபோய் விடும் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை மாற்றுகிறார்கள். அதனால் பணம் மேலும் குறைகிறது. அதனால் பாடப்பிரிவுகள் மேலும் குறைகின்றன. தென்கிழக்கு விஸ்கான்சினில் உள்ள பால்மைரா-ஈகிள் மாவட்டத்தில் இது கண்ணெதிரே நடந்தது. 2019 ஏப்ரலில் அங்கே அன்றாடச் செலவுக்கான வாக்கெடுப்பு தோற்றது. பிள்ளைகள் வெளியேறுவது ஏற்கெனவே அதிகமாயிருந்த நிலையில், அந்த ஜூலையில் வாரியமே மாவட்டத்தைக் கலைத்துவிடத் தீர்மானம் போட்டது. நவம்பரில் ஊர் மக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. 2020 ஜனவரியில் மாநிலத்தின் எல்லை மேல்முறையீட்டு வாரியம் கலைப்பை மறுத்துவிட்டது. அதாவது, நடத்தப் பணமும் இல்லை, மூட அனுமதியும் இல்லை என்ற நிலையில் அந்த ஊர் நின்றது. இணைப்பு, கலைப்பு என்பதைச் சிக்கன வழியாகப் பேசுபவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். கலைத்தால் அந்த மாவட்டத்தின் கடனும் பிள்ளைகளும் பக்கத்து மாவட்டங்களுக்குத்தான் போக வேண்டும். அவர்களும் அதே வருவாய் வரம்புக்குள்தான் இருக்கிறார்கள்.

மாநிலம் பொறுப்பேற்கட்டும் என்று காத்திருப்பது இன்னொரு வழி. கொள்கையளவில் எனக்கு மிகவும் உடன்பாடான வழி இதுதான். 2025 தொடக்கத்தில் மாநிலத்தின் கையிருப்பு 400 கோடி டாலருக்கு மேல் இருந்தது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்விச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மாநிலம் திருப்பித் தந்துவந்தது. மீதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால் மாவட்டங்கள் பொதுப் பணத்திலிருந்தே செலவிட வேண்டியிருந்தது. 2025-27 திட்டத்தில் அந்தப் பங்கு முதலாண்டில் 42 விழுக்காடாகவும், இரண்டாம் ஆண்டில் 45 விழுக்காடாகவும் உயரும் என்று வைக்கப்பட்டது. ஒதுக்கிய மொத்தத் தொகை நிலையானது என்பதால், மாவட்டங்களின் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் அந்த விழுக்காடு இறங்கும். இருந்தாலும் திசை சரியானது. மாநிலம் இந்தச் செலவை முழுவதும் ஏற்றால் பல வாக்கெடுப்புகளுக்குத் தேவையே இருக்காது. ஆனால் வாக்குச்சீட்டில் 'இல்லை' என்று போடுவதால் மாடிசன் தலைமைச் செயலகத்தில் எந்தக் கதவும் திறப்பதில்லை. என் வாக்கு அங்கே போய்ச் சேருமுன் என் தெருக்கோடிப் பள்ளியைத் தாக்குகிறது.

நன்கொடை வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரிசாக வரும் பணம் வருவாய் வரம்புக்கு வெளியே இருப்பதால் பெற்றோர் சங்கங்கள் எவ்வளவும் திரட்டலாம். விளையாட்டுத் திடலுக்கும் ரோபோடிக்ஸ் குழுவின் பயணத்திற்கும் அது நல்லது. நம் தமிழ்க் குடும்பங்கள் அதில் தாராளமாகவே கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் 15 லட்சம் டாலர் அந்த வழியில் வராது. வரக்கூடிய ஊர், ஏற்கெனவே வசதியான ஊர்.

இங்கே பலரும் அறியாத ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். மாநிலப் பொது மானியம், ஒரு மாணவருக்கு எவ்வளவு சொத்து மதிப்பு இருக்கிறது என்பதைப் பார்த்துப் பகிரப்படுகிறது. சொத்து குறைந்த மாவட்டம் வாக்கெடுப்பு மூலம் கூடுதலாகச் செலவிட்டால், அடுத்த ஆண்டு மானியக் கணக்கில் அதன் ஒரு பகுதி திரும்பி வரும். சொத்து மிகுந்த மாவட்டம் சராசரிக்கு மேல் செலவிட்டால், வரும் மானியமும் குறைந்து, ஒரு டாலர் செலவுக்கு ஒரு டாலருக்கு மேல் வரி கட்ட நேரும். மானியத்தின் மொத்தத் தொகையோ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே ஒரு மாவட்டத்தின் வெற்றி, அந்த நிலையான தொகையில் பிற மாவட்டங்களின் பங்கைச் சிறிதளவு நகர்த்துகிறது. வாக்கெடுப்பு வைக்காத மாவட்டம்கூட வாக்கெடுப்புகளின் விலையைக் கொடுக்கிறது. வாரியக் கூட்டத்தில் "நிகர வரி விளைவு" என்று ஒரு தாளைக் காட்டும்போது, அது மானிய மாற்றத்தைச் சேர்த்த கணக்கா, சேர்க்காத கணக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிற மாநிலங்கள் தேர்ந்தெடுத்தவை

இந்த முறையைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் உள்ள மிச்சிகன் மாநிலம் 1994 மார்ச்சில் ஒரே ஒரு மாநில வாக்கெடுப்பின் மூலம் அன்றாடச் செலவை உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து பெருமளவு விலக்கியது. விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 ஆக உயர்த்தி, மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே தர ஆரம்பித்தது. ஏழை மாவட்டங்களுக்கும் பணக்கார மாவட்டங்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது. பதிலுக்கு, பொருளாதாரம் சரிந்து மக்கள் பொருள் வாங்குவது குறையும்போது பள்ளியின் பணமும் சரிகிறது. அப்போது உள்ளூர் மக்கள் விரும்பினாலும் அன்றாடச் செலவுக்குக் கூடுதலாகத் தருவதற்கு வழி மிகக் குறுகலானது. கட்டடங்களுக்கு அங்கும் உள்ளூர் வாக்கெடுப்புதான், ஆகவே கட்டடங்களில் ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது.

ஹவாய் இன்னும் ஒரு படி மேலே போய், மாநிலம் முழுவதையும் ஒரே பள்ளி மாவட்டமாக வைத்திருக்கிறது. உள்ளூர்ச் சொத்து வரிக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லை. கலிபோர்னியாவில் 1978இன் 13ஆவது முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடைத்து, உள்ளூர்ச் சிறப்பு வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றது. பள்ளிக் கட்டடக் கடனுக்கு மட்டும் 2000இல் அந்த அளவு 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நூறு பேரில் அறுபத்தேழு பேர் வேண்டும் என்று சொல்லி முப்பத்துநான்கு பேர் தடுத்துவிடலாம் என்ற ஏற்பாட்டைவிட, விஸ்கான்சினின் எளிய பெரும்பான்மை எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒஹையோவில் 1976இல் வந்த சட்டம், வாக்காளர் ஒப்புதல் தந்த வரி சொத்து மதிப்போடு சேர்ந்து ஏறாமல் அதே டாலரில் நிற்குமாறு செய்ததால், மாவட்டங்கள் திரும்பத் திரும்ப மக்களிடம் வர வேண்டியிருக்கிறது. பெயருக்கு நிரந்தரமான வரியும் அங்கே ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அங்கே 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி நிதி முறையையே அரசியலமைப்புக்கு முரணானது என்றது. விஸ்கான்சினின் உச்ச நீதிமன்றமோ 2000இல் தன் மாநிலத்தின் முறையை ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் மிச்சிகனின் வழியும் சிறப்புக் கல்விச் செலவை மாநிலம் ஏற்பதும் சேர்ந்த ஒரு முறையைத்தான், சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும்போது, நான் விரும்பிக் கேட்பேன். பள்ளி வாக்கெடுப்பில் அந்தத் தேர்வு என் கையில் இல்லை. அங்கே இருப்பது மூன்று வடிவங்களும் ஒரு மறுப்பும்தான். செலவின் ஆயுளும் பணத்தின் ஆயுளும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே நான் அவற்றுள் தேர்வேன். இப்போது இருக்கும் ஆசிரியர்களைத் தக்கவைக்கத்தான் பணம் என்றால், படிப்படியாக ஏறும், அளவு குறைந்த நிரந்தர உயர்வுக்கு 'ஆம்'. மாணவர் எண்ணிக்கை இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை இடைவெளியைக் கடக்க, அல்லது புதிய வாசிப்புப் பாடத்திட்டத்தையும் அதற்கான பயிற்சியையும் வாங்க என்றால், நான்காண்டு உயர்வுக்கு 'ஆம்'. ஆனால் அது முடிவதற்கு ஓராண்டு முன்னதாகவே அடுத்த கேள்வியை வைப்போம் என்று வாரியம் சொல்லியிருக்க வேண்டும். கூரைக்குக் கடன் என்றால் தயக்கமே இல்லை. நிரந்தரமாகப் பெரிய தொகை கேட்டு, தணிக்கை அறிக்கையைக் காட்ட முடியாமல் நிற்கும் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்பேன். அதையும் காரணம் சொல்லாமல் போட மாட்டேன், என்ன மாற்றினால் 'ஆம்' என்பேன் என்று வாரியத்திற்கு எழுதிவிட்டுத்தான் போடுவேன்.

நம்மில் பலருக்கு இந்த வாக்கே இல்லை என்பதையும் மறக்கவில்லை. எச்-1பி விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்கள் வீடு வாங்கியதும் முழுச் சொத்து வரியும் கட்டுகிறார்கள். வாடகையில் இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார்கள். வாக்கு குடிமக்களுக்கு மட்டுமே. ஆனால் கேள்வியின் வாசகம் தேர்தல் நாளுக்குக் குறைந்தது 70 நாட்களுக்கு முன் தேர்தல் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல் தேர்தல் என்றால் ஜனவரியின் பின்பகுதி. அதுவரை தொகையும், ஆண்டுகளின் எண்ணிக்கையும், 'தொடர்' என்பதா 'தொடரா' என்பதா என்ற அந்த ஒரு சொல்லும் வாரியத்தின் மேசைமேல் மாற்றத்திற்கு உரியவையாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதக் கூட்டங்களில் மக்கள் பேசும் நேரத்தில் பேசுவதற்குப் பெரும்பாலான வாரியங்கள் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. பெயரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். வரிச் சீட்டு வீட்டுக்கு வந்து, முதல் தவணை கட்ட வேண்டிய ஜனவரி 31க்கு முன்னால் இருக்கும் அந்தச் சில வாரங்களில், அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே போகலாம்.